டெல்டா வீடுகளின் பழைய பெட்டிகள்: வாங்குவதும் காப்பதும்

டெல்டாவில் பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பிரிக்கிறார்கள் என்றால் மரம் வாங்குகிறவர்கள் அன்றைக்கே வந்து நிற்பார்கள். நிலை, கதவு, தூண், உத்தரம் எல்லாவற்றுக்கும் கன அடிக் கணக்கில் விலை பேசி முடித்துவிடலாம். கூடத்து மூலையிலும் இரண்டாம் கட்டு இருட்டிலும் கிடக்கிற பெட்டிகளுக்குத்தான் என்ன விலை சொல்வதென்று வீட்டாருக்குத் தெரிவதில்லை. பத்தாயம், சேலைப்பெட்டி, கணக்குப்பெட்டி, கல்லாப்பெட்டி, தாத்தா காலத்தில் ஏதோ ஏலத்தில் எடுத்துவந்த இழுப்பறைப் பெட்டி எல்லாமாகச் சேர்த்து ஒரு தொகைக்கு வண்டியேறிவிடும். சில மாதம் கழித்து அவற்றில் சில காரைக்குடியிலோ புதுச்சேரியிலோ பாலிஷ் பளபளக்கப் பல மடங்கு விலையில் நிற்கும். மற்றவை அறுபட்டு டீப்பாயாகவும் கண்ணாடிச் சட்டமாகவும் மாறியிருக்கும்.

இந்தப் பெட்டிகளை வீட்டுக்கு வாங்கலாமா, எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது, எப்படிப் பார்த்து வாங்குவது என்ற கேள்விகளை இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பக்கத்துப் பெட்டி கூடியவரை தஞ்சைப் பக்கத்து வீட்டில், அறுபடாமல், ஏதாவதொன்றை உள்ளே வைத்துப் புழங்குகிற பெட்டியாகவே இருக்க வேண்டும். அருங்காட்சியகங்கள் ஒன்றிரண்டு மாதிரிகளை எடுத்துவைக்கும். அதற்கு மேல் அவற்றிடம் இடம் கிடையாது. மிச்சமுள்ள ஆயிரக்கணக்கானவற்றின் கதி வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது. அவருக்கு விவரம் தெரிந்திருந்தால் பெட்டி பிழைக்கும்.

டெல்டாவின் பெரிய பெட்டி பத்தாயம்தான். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாயக்கர் காலத்தில் கட்டிய செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3000 கலம் கொள்ளும் என்பார்கள். ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளும் வட்டக் களஞ்சியங்கள் உண்டு. கோயிலுக்குக் களஞ்சியம் எப்படியோ அப்படி மிராசுதார் வீட்டுக்குப் பத்தாயம். ஏழைக் குடியானவர் வீட்டில் மண் குதிர் இருக்கும். வைக்கோல் பிரி சுற்றிய சேரும், விதைநெல் கட்டிய கோட்டையும் இருக்கும். மரப்பத்தாயம் வைத்திருந்தாலே அது நிலமுள்ள வீடு.

ஒரு பத்தாயத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அதைச் செய்தவர் எதைக் கணக்கிட்டார் என்பது விளங்கும். 6 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் உள்ள நடுத்தரப் பத்தாயத்தில் ஏறத்தாழ 25 மூட்டை நெல் நிற்கும். மூட்டைக்கு இரண்டு கலம் என்றால் 50 கலம். எடையில் ஒன்றரை டன். இந்த நெல் சும்மா இருக்காது, பலகையை நாலு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் மூலைகளில் ஆணியை நம்பவில்லை. ஒரு பலகையில் கழுந்து எடுத்து அடுத்ததன் துளைக்குள் நுழைத்து, வெளியே நீட்டிய முனையில் ஆப்பு அடித்திருப்பார்கள். நெல் தள்ளத் தள்ள மூட்டு இறுகும். முழுப் பெட்டியாக இருந்தால் ரேழி வாசலில் நுழையாது என்பதால் அடியும் மூடியும் இல்லாத சட்டங்களாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். எந்த அடுக்கு எதன்மேல் உட்கார வேண்டும் என்று உளியால் கோடு கிழித்து அடையாளம் இட்டிருக்கும். மேலே ஆள் இறங்கும் அளவுக்கு மூடி. கீழே ஒரு சாண் சதுரத்தில் வாய், அதற்குக் காடியில் ஏறி இறங்கும் பலகை, அதற்கொரு பூட்டு. கீழ் வாயைத் திறந்து மரக்காலால் அளந்தெடுப்பார்கள். மிச்சம் கொஞ்சமானால் வீட்டுப் பையன் ஒருவனை உள்ளே இறக்கிவிட்டு முறத்தால் தள்ளச் சொல்வார்கள். பூச்சி வராதிருக்க வேப்பிலையும் நொச்சியும் நெல்லோடு கலந்திருக்கும்.

இந்தப் பெட்டி ஏன் காலியானது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை விலை பேசக்கூடாது என்று நினைக்கிறேன். 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. குத்தகை நெல்லை அளந்து வாங்கி ஆண்டு முழுக்க வைத்துச் சாப்பிட்டும் விற்றும் வந்த வீடுகளின் வரவு சுருங்கியது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனார்கள். 1960களில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டமும் ஆடுதுறை 27 போன்ற குறுகிய கால ரகங்களும் வந்து, குறுவை அறுவடை மழையை ஒட்டி நடந்தது. ஈர நெல்லைப் பத்தாயத்தில் கொட்டினால் இரண்டே வாரத்தில் முளைத்துப் புழுங்கிவிடும். 1972இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடிக் கொள்முதல் நிலையங்களைத் திறந்தது. இன்று எந்திரம் அறுத்த நெல் வயலிலிருந்து நேரே அங்கே போகிறது. விவசாயியின் கவலையெல்லாம் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்பதில். தன் வயல் நெல்லைச் சாப்பிடுகிற வீடே குறைந்துபோனபின் பத்தாயம் எதற்கு?

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. அந்த 50 கலம் யாருடைய உழைப்பில் நிறைந்ததோ அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க முடியாதவர்கள். கீழ் வாய்க்குப் பூட்டுப் போட்டது எலிக்காக மட்டும் இல்லை. பழைய பெட்டியை வாங்கி வரவேற்பறையில் வைக்கிறவர் அந்தப் பூட்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். அதைத் தெரிந்து வைத்திருப்பது பெட்டியின் மதிப்பைக் குறைக்காது. தச்சரின் கைக்கும் நடவாளின் கைக்கும் உரிய மரியாதையைத் தனித்தனியே கொடுக்க அது உதவும்.

இனி இழுப்பறை. மேசை, நாற்காலியோடு சேர்ந்து வந்ததுதான் இழுப்பறைப் பெட்டியும். அதற்கு முன் நம் வீடுகளில் அதற்கு வேலை இல்லை. தரையில் உட்கார்ந்து புழங்கிய வீட்டில் தரையோடு கிடக்கும் பெட்டியும் மேலே திறக்கும் மூடியும் வசதி. தைக்காத துணியைச் சதுரமாக மடித்து அடுக்கினால் போதும். அன்றாட வேட்டியும் புடவையும் கொடியில் கிடக்கும். நகைக்கு ஒரு சின்னப் பெட்டி, ஓலைச்சுவடிக்கு ஒரு நீளப் பெட்டி. தைத்த சட்டையும், காகிதமும், நின்றுகொண்டே திறக்கும் பழக்கமும் வந்தபிறகுதான் ஒன்றன்மேல் ஒன்றாக இழுக்கும் அறைகள் தேவைப்பட்டன. ஐரோப்பாவிலேயே மூடிப் பெட்டியின் அடியில் ஒரு இழுப்பறை சேர்த்து, பிறகு அது இரண்டாகி, நாலாகி, 17ஆம் நூற்றாண்டில்தான் இழுப்பறைப் பெட்டி இன்றைய உருவத்துக்கு வந்தது.

அந்தக் காலத்திலேயே அது நம் கடற்கரைக்கும் வந்துவிட்டது. தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620 முதல் 1845 வரை இருந்தார்கள். நாகப்பட்டினத்தை 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1690இல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தை அங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. இவர்கள் ஊரிலிருந்து மேசை நாற்காலிகளை ஏற்றிவந்தது கொஞ்சம். மாதிரியைக் காட்டி இங்கத்துத் தச்சர்களிடம் செய்வித்ததே மிகுதி. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கருங்காலியில் நெருக்கமான பூவேலை செய்த நாற்காலிகளும் பெட்டிகளும் ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியாயின. இலங்கையில் டச்சுக்காலத்து மரப்பொருள்களைப் பற்றி ஆர்.எல். பிரோகியர் 1969இல் தனி நூலே எழுதினார். அமீன் ஜாஃபரின் 2001ஆம் ஆண்டு நூல் பிரிட்டிஷ் இந்தியாவையும் இலங்கையையும் சேர்த்து ஆராய்கிறது. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, காரைக்கால் மூன்றையும் சேர்த்து அப்படி ஒரு விரிவான நூல் தமிழில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதில் வாங்குகிறவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சேகரிப்பாளரான ஹொரேஸ் வால்போல், நம் கரையில் செய்த கருங்காலி நாற்காலிகளை ஏலத்தில் எடுத்துத் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்தார். அவை இங்கிலாந்தின் டியூடர் அரசர் காலத்தவை என்று உறுதியாக நம்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள். பொருளை நன்றாகப் பார்த்தார். எங்கிருந்து வந்தது என்ற கதையை மட்டும் விற்றவர் சொன்னபடி ஏற்றுக்கொண்டார். இன்றைக்கு நம் கடைகளில் “செட்டிநாட்டு அயிட்டம் சார்”, “டச்சுப் பெட்டி சார்”, “நூற்றைம்பது வருஷத்துப் பர்மா தேக்கு” என்று சொல்கிறார்களே, அதுவும் அப்படித்தான். கதைக்கு வேறு விலை, பெட்டிக்கு வேறு விலை என்று மனத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் டெல்டா வீடுகளிலிருந்து கிடைக்கும் இழுப்பறைப் பெட்டிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940களுக்கும் இடையில் செய்தவையாகவே இருக்கும். ரயிலும், தாலுகா கச்சேரியும், வக்கீல் தொழிலும், மிஷன் பள்ளியும் வளர்ந்த காலம் அது. நாகப்பட்டினத்திலிருந்து ரங்கூனுக்குக் கப்பல் போய்வந்த காலமும் அதுதான். பர்மா தேக்கு தாராளமாக வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. இடையிடையே பித்தளை மூலைப்பட்டி அடித்து, கைப்பிடி பலகைக்குள் அமுங்கி, இரண்டு துண்டாகக் கழன்று, காலும் திருகிக் கழற்றும்படி இருக்கிற பெட்டி ஒன்று கண்ணில் படும். பட்டாளத்து அதிகாரிகள் முகாமுக்கு முகாம் தூக்கிப்போகச் செய்வித்தது அது. கிடைத்தால் விடாதீர்கள். கனமான வேலைப்பாடு இல்லை என்றாலும் கட்டுறுதியில் அதற்கு ஈடு இல்லை.

சிறு பெட்டிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். கர்ணத்தின் கணக்குப்பெட்டி, சாய்வான மூடியும் உள்ளே மைக்கூட்டுக்கும் பேனாவுக்கும் தடுப்பும் உள்ளது. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை அரசு ஒழித்தபின் அவற்றுக்கு வீட்டில் வேலை போனது. மளிகைக்கடைக் கல்லாப்பெட்டியில் பலகைக்குப் பின்னால் ஒளிவறை இருக்கும், தேடிப் பாருங்கள். இவை இரண்டும் சின்ன வீட்டுக்கும் ஏற்றவை, விலையும் கைக்கு அடங்கும். 1923 முதலே கோத்ரெஜ் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியிருந்தது. சீர்வரிசையில் அது இடம்பிடித்த பிறகு மரப்பெட்டிகள் பரணுக்கு ஏறின.

எப்படிப் பார்த்து வாங்குவது? முகப்பைப் பார்க்காதீர்கள். முகப்பு பாலிஷ்காரர் கைவேலை. ஒரு இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து வையுங்கள். அடிப்பலகையில் விரல் நுனியை மெதுவாக ஓட்டினால் கையால் இழைப்புளி தள்ளிய மரத்தில் மிக மெல்லிய மேடு பள்ளம் தட்டுப்படும். எந்திரம் இழைத்தது தட்டையாக வழுக்கும். இழைக்காமல் விட்ட இடத்தில் வாள் தடம் தெரிந்தால் இன்னும் நல்லது: இரண்டு ஆள் மேலும் கீழும் இழுத்து அறுத்த வாளின் தடம் நேர்கோடாக, கொஞ்சம் ஒழுங்கு தப்பி இருக்கும். வட்ட வாள் தடம் வில்லாக வளையும். பக்கப்பலகையும் முகப்பலகையும் சேரும் மூலையில் புறாவால் வெட்டைப் பாருங்கள். கையால் வெட்டியதில் ஒரு வாலும் அடுத்த வாலும் அளவில் ஒத்துப்போகாது. அளவுக்காக முள்ளால் கிழித்த கோடு அப்படியே இருக்கும். எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தால் எந்திர வேலை.

அடுத்து தேய்மானம். இழுப்பறை பல ஆண்டு ஓடியிருந்தால் அதன் பக்கப்பலகைகளின் கீழ் விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும், அது ஓடிய உட்சட்டத்திலும் அதற்குச் சரியான பள்ளம் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் பழைய இழுப்பறையைப் புதுக்கூட்டில் வைத்திருக்கிறார்கள். உள்ளே பாலிஷ் போடாத மரம் காற்றுப் பட்டுப் பட்டுத் தானாக மங்கியிருக்கும். மூட்டுக்குள் மறைந்த இடம் மட்டும் வெளிறியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே பழுப்பு என்றால் சாயம் பூசியது. டீத்தண்ணீரிலிருந்து பெர்மாங்கனேட்டு வரை இதற்குப் பல கைமருந்து உண்டு. கைப்பிடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். பழைய கைப்பிடிக்குப் பின்னால் அதன் உருவமே நிழலாக மரத்தில் பதிந்திருக்கும். வேறு இடத்தில் அடைத்த ஓட்டைகள் இருந்தால் கைப்பிடி மாறியிருக்கிறது என்று அர்த்தம். அது பெரிய குற்றம் இல்லை, விலையைக் குறைக்கக் காரணம். திருகாணியின் தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930களுக்கு முன் இருக்க வழியில்லை. பின்பலகை பிளைவுட் என்றால் மேலே பேச வேண்டாம்.

கழற்றிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அங்கே பொருள் மிகுதி, கூட்டமும் மிகுதி, டெல்டாப் பொருள் செட்டிநாட்டுப் பெயரில் நிற்பதும் உண்டு. புதுச்சேரியிலும் ஆரோவில் சுற்றுவட்டாரத்திலும் பழுதுபார்ப்பு வேலை நன்றாக நடக்கிறது. விலையும் அதற்குத் தக்கபடி. கொச்சி மட்டாஞ்சேரி சுற்றுலாப் பயணியை எதிர்பார்த்து விலை வைக்கிற இடம். என் பரிந்துரை, கடைக்கு வருமுன் வாங்குவது: ஊரில் வீடு பிரிக்கிறவரிடமும் அந்த வீட்டாரிடமும் நேரில் பேசி, வீட்டில் பெட்டி நின்ற இடத்திலேயே புகைப்படம் எடுத்து, யார் செய்வித்தது, எந்த ஊர் ஆசாரி என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கி வைத்துக்கொள்வது. அந்த ஒரு தாள் இல்லாததால்தான் எத்தனையோ நல்ல பெட்டிகள் அநாதையாக நிற்கின்றன.

விலையில் குழம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மூன்றரை அடி அகலம், 3 அடி உயரம், ஒன்றரை அடி ஆழம், நாலு இழுப்பறை உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். முக்கால் அங்குலப் பலகை, அடிப்பலகைகள் மட்டும் அதில் பாதிக் கனம். எல்லாவற்றையும் கூட்டினால் மரம் 4 கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. தேக்கு கன அடிக்கு ஏறத்தாழ 18 கிலோ நிற்கும் என்பதால் பெட்டி 70 கிலோ அளவில் இருக்க வேண்டும். அதைவிட ரொம்பக் குறைந்தால் உள்ளே வேறு மரம் கலந்திருக்கிறது. ஊரில் பழைய தேக்கு கன அடி என்ன விலைக்குப் போகிறது என்று மரக்கடையில் விசாரித்து நாலால் பெருக்குங்கள். அது அந்தப் பெட்டியின் அடிவிலை. அதோடு இன்று ஒரு நல்ல ஆசாரி அதைக் கையால் செய்ய எத்தனை நாள் கூலி ஆகும் என்பதைக் கூட்டுங்கள். அந்தத் தொகைக்கு உட்பட்டுக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வயதுக்கும் கதைக்கும். கொடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

தேக்கு ஒன்றே மரம் என்ற எண்ணம் டெல்டாவுக்குப் பொருந்தாது. இங்கே பலாவிலும் வேம்பிலும் பூவரசிலும் இலுப்பையிலும் மாமரத்திலும் பெட்டி செய்தார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம், தேர்களுக்கு இலுப்பை. பலாவைத் தெரியாத இடத்தில் லேசாகச் சுரண்டினால் மஞ்சள் தெரியும். பூவரசின் வைரம் கருஞ்சிவப்பு. தேக்கைச் சுரண்டினால் எண்ணெய்ப் பசையோடு தோல் வாசனை அடிக்கும். ஈட்டியின் கனமும் கருநீலம் ஓடும் நிறமும் ஏமாற்றாது. பலாப்பெட்டியும் வேப்பம்பெட்டியும் தேக்கின் விலையில் பாதிக்குக்கூடக் கேட்பாரற்று நிற்கின்றன. உள்ளூர் மரத்தில் உள்ளூர்த் தச்சர் செய்த பெட்டியைத்தான் நான் முதலில் தேடுவேன். மாமரம் மட்டும் உளுத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம், கவனம் வேண்டும். தேக்கிலும் வைரத்தை வண்டு தொடாது. விளிம்பில் விட்டுப்போன வெள்ளையைத் தின்னும். பெட்டிக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். புதுமாவு கொட்டியிருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. பழைய ஓட்டை மட்டும் இருந்து மாவு இல்லையென்றால் பயமில்லை. கறையான் தரையிலிருந்து ஏறுவது; அதனால்தான் பத்தாயத்தைக் கல் மேல் நிறுத்தினார்கள். நீங்களும் காலுக்கு நாலு கல்துண்டு கொடுங்கள்.

நம் பருவத்துக்கு ஒரு எச்சரிக்கை. மரம் ஈரம் குடித்து அகலவாக்கில் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இழுப்பறை சிக்கினால் உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். அப்போது இழைத்தால் சித்திரையில் விரலே நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். ஓடும் விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, தை மாதம் வரை பொறுங்கள். ஏ.சி. அறையில் வைப்பதானால் காற்று நேரே படாத சுவர் ஓரம் பாருங்கள். பாலிஷ் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு வார்னிஷ் அடிப்பது பெட்டியின் பாதி வயதைச் சுரண்டி எடுப்பது. ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக ஒரு முறை. அவ்வளவு போதும்.

இதற்கு மேல் சொல்வதைத் தயவுசெய்து அவசரமாகப் படித்துக் கடந்துவிடாதீர்கள். கோயில் பண்டம் எதுவானாலும் வீட்டுக்கு வாங்கக்கூடாது. வாகனத்தின் பகுதி, தேர்ச்சிற்பம், ஆபரணப் பெட்டி, ஏட்டுப்பெட்டி என்று பலவும் பழைய மரம் என்ற பெயரில் வந்துவிடுகின்றன. பெட்டியில் “உபயம்” என்று செதுக்கியிருந்தாலோ, கோயில் பெயர் சுருக்கமாகவாவது இருந்தாலோ விலை பேசவே கூடாது; அது இன்னும் அந்தக் கோயிலின் சொத்து. டெல்டா கோயில்கள் இழந்தது ஏற்கெனவே போதும். அரியலூர் பக்கத்து ஸ்ரீபுரந்தானிலிருந்தும் சுத்தமல்லியிலிருந்தும் போன சிலைகளின் வழக்கில் தொடர்புடைய சுபாஷ் கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதானார். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வாங்க ஆள் இருந்ததால்தான் அந்தச் சந்தை நடந்தது. மரத்துக்கும் அதே விதிதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் 1976 முதல் நடப்பில் உள்ளது. நூறு ஆண்டைக் கடந்த கைவினைப் பொருள் அதன் வரம்புக்குள் வரலாம். சொந்த வீட்டுக்கு உள்நாட்டில் ஒரு துணிப்பெட்டி வாங்குவதை அது தடுக்கவில்லை. வெளிநாட்டுக்கு எடுத்துப்போவதைத் தடுக்கிறது. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பிள்ளைகள் தாத்தா வீட்டுப் பெட்டியைக் கப்பலேற்ற நினைத்தால் அது தொல்பொருள் ஆகாது என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் பெற வேண்டும். ஈட்டி மரம் என்றால் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் சேரும். தந்தம் இழைத்த பெட்டியைத் தொடவே வேண்டாம். வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இலும் 1991இலும் செய்த திருத்தங்களுக்குப்பின் தந்த வணிகம் முழுவதும் குற்றம், பழசு என்பது சமாதானம் ஆகாது.

கடைசியாகப் பத்தாயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் இன்று அதிகமாக அறுபடுவது அதுதான். ஓய்வு விடுதிகளுக்கு அதன் பலகை மேசையாகிறது, வாய்ப்பலகை சுவர் அலங்காரமாகிறது. முழுப் பத்தாயத்துக்கு இடம் இல்லை என்கிறார்கள். அடுக்கடுக்காகக் கழலும் பெட்டிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. மூன்று அடுக்கில் இரண்டை மட்டும் நிறுத்தி மேல்மூடியை வைத்தால் மெத்தை, போர்வை, திருவிழாப் பாத்திரங்கள் எல்லாம் அடங்கும். மூன்றாவது அடுக்கைப் பரணில் வைத்துக்கொள்ளலாம். கீழ் வாயை அடைக்காமல் விட்டால் உள்ளே காற்றோட்டமும் இருக்கும். இயற்கை விவசாயம் செய்து மாப்பிள்ளைச் சம்பாவும் கிச்சிலிச் சம்பாவும் விளைவிக்கிற வீடுகள் இப்போது மறுபடி வந்துகொண்டிருக்கின்றன. அவர்களுக்குச் சொந்த நெல்லை வைக்க இடம் வேண்டும், நல்ல காய்ச்சல் உள்ள நெல்லுக்கு இதைவிடத் தோதான பெட்டி இன்றும் கடையில் கிடையாது. விற்கிறவர் அப்படி ஒரு வீட்டைத் தேடிப்பார்த்து, கிடைக்காதபோது மட்டும் கடைக்கு அனுப்பினால் நல்லது.

கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கின் மூலையிலும் உளிக்கோடு எத்தனை என்று எண்ணி, சாக்கட்டியால் பெரிதாக எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்புகளைச் சுத்தியலால் உடைக்கக்கூடாது. எதிர்ப்பக்கத்திலிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டினால் முழுசாக வரும். அந்த ஆப்புகளை ஒரு துணிப்பையில் போட்டு முதல் அடுக்கோடு கட்டி அனுப்புங்கள்.